ஒரு சொம்பு காவிரி

பெங்களூர் ஜோகுபாளையத்தில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது சின்ன விஷயமல்ல. நல்ல தண்ணீரை ஊற்றினால் ஒரு அபராதம், ஊற்றியது தேங்கினால் இன்னொரு அபராதம். நடுவில் செடியும் பிழைக்க வேண்டும்.

அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் நடுவே நெருக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கும் பேட்டை ஜோகுபாளையம். ஒரு பக்கம் சோமேஸ்வரர் கோயிலும் ஏரியும் கொண்ட பழைய ஊர். மறுபக்கம் காபிக் கடைகளும் பப்களும் நிறைந்த புதிய பணக்காரத்தனம். இடையில், இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நின்றாக வேண்டிய சந்துகள். தமிழில் தொடங்கும் பேச்சு கன்னடத்தில் முடியும். நடுவில் தெலுங்கும் உருதுவும் எட்டிப் பார்க்கும்.

இங்கே தோட்டம் போட நிலம் ஏது? ஆனால் செடி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாடிப்படியின் ஒவ்வொரு படியிலும் ஒரு தொட்டி. சன்ஷேடின் மேல் வரிசையாகப் பெயின்ட் டப்பாக்கள். உடைந்த பிளாஸ்டிக் குடத்தில் கற்பூரவல்லி, எண்ணெய் டின்னில் கனகாம்பரம், யாரோ கழற்றிப் போட்ட வாஷ்பேசினில் புதினா. மொட்டைமாடியில் சின்டெக்ஸ் தொட்டியின் நிழலில் ஃபெர்னும் ஆந்தூரியமும். வாசலில் துளசி. பெங்களூரை 'தோட்ட நகரம்' என்று அழைப்பவர்கள் லால்பாகையும் கப்பன் பூங்காவையும் நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். அந்தப் பெயரில் கொஞ்சம் பங்கு இந்த டப்பாக்களுக்கும் உண்டு.

2024 மார்ச்சில் இந்த டப்பாக்களுக்கும் சட்டச் சிக்கல் வந்தது. முந்தைய ஆண்டு பருவமழை பொய்த்திருந்தது. நகரில் உள்ள சுமார் 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக அரசே சொன்னது. பெங்களூர் குடிநீர் வாரியம் ஓர் உத்தரவு போட்டது: குடிநீரைக் கொண்டு கார் கழுவக்கூடாது, கட்டடம் கட்டக்கூடாது, செயற்கை நீரூற்று ஓடவிடக்கூடாது, செடிகளுக்கும் ஊற்றக்கூடாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். மீண்டும் மீறினால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் கூடுதல். அந்த மாதமே 22 குடும்பங்களிடமிருந்து 1.1 லட்சம் ரூபாய் வசூலாயிற்று. 2025 பிப்ரவரியில், கோடை பிறப்பதற்கு முன்பே, அதே தடை அதே தொகையுடன் மறுபடி வந்தது.

ஒரு ரோஜாச் செடியின் விலை ஐம்பதோ நூறோ. அதற்கு ஊற்றும் சொம்புத் தண்ணீரின் விலை ஐயாயிரம். இந்தக் கணக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சொம்புத் தண்ணீர் ஜோகுபாளையத்துக்கு வந்து சேரும் பாதையைப் பார்த்தால் சிரிப்பு வராது. மாண்டியா மாவட்டத்துத் தொரெகாடனஹள்ளியில் எடுக்கப்படும் காவிரி நீர், சுமார் 100 கிலோமீட்டர் பயணம் செய்து, மூன்று இடங்களில் பம்ப் செய்யப்பட்டு, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறி நகரத்துக்கு வருகிறது. பெங்களூர் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் மேட்டில்; பெரிய ஆறு எதுவும் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடவில்லை. 1974இல் காவிரித் திட்டத்தின் முதல் கட்டம் முடிந்தது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபர் 16 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதன் அளவு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் நகரம் அதைத் தாண்டி வளர்ந்திருப்பது பெங்களூரின் வழக்கம்.

தமிழர்கள் அதிகம் வாழும் பேட்டையில் காவிரி என்ற சொல்லுக்கு வேறு கனமும் உண்டு. 1991 டிசம்பரில் நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு மத்திய அரசிதழில் வெளியானபோது, பெங்களூரில் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டு வண்டி எண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. ஜோகுபாளையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், அல்சூர் ஏரிக்கரையில், திருவள்ளுவர் சிலை 1991இலிருந்து 18 ஆண்டுகள் மூடிய துணிக்குள் நின்றது. 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் முகம் காட்டினார். மழையின் பெருமையைச் சொல்லவே தம் நூலின் இரண்டாவது அதிகாரத்தை ஒதுக்கியவர், தண்ணீர்ச் சண்டை சூடாக இருந்த ஆண்டுகள் முழுவதையும் முக்காடு போட்டுக்கொண்டு கழித்தார் என்பதை வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியபோது, கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கும் வீட்டு உபயோகத்துக்கும் என்று குறிப்பிட்டது. தஞ்சாவூர் வயலுக்குப் போகாத அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியைத்தான் ஜோகுபாளையத்துத் தமிழ்க் குடும்பமும் குழாயில் பிடிக்கிறது. ஊரில் இருக்கும் சித்தப்பாவின் நெல்லுக்கும் இங்கே வாசலில் இருக்கும் துளசிக்கும் ஒரே ஆறு. இதை யாரும் உரக்கப் பேசுவதில்லை.

தொட்டிச் செடிக்கு உண்மையில் எவ்வளவு தண்ணீர் வேண்டும்? பத்து அங்குலத் தொட்டிக்கு ஒரு தடவைக்கு ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் போதும். இருபது தொட்டிகள் என்றாலும் இரண்டு குடத்தைத் தாண்டாது. அதையும் எல்லாவற்றுக்கும் தினமும் ஊற்றத் தேவையில்லை. ஆனால் ட்யூபைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் செல்போனுடன், பத்து நிமிடம் நின்றால் 100 லிட்டருக்கு மேல் போய்விடும். அதில் பாதி படியில் வழிந்து சாக்கடைக்குப் போகும். வாரியத்தின் கோபம் செடியின் மேல் அல்ல, ட்யூபின் மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த நகரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சக் கற்றுக்கொடுத்தவர்களில் தமிழ் வேர் கொண்டவர்களும் உண்டு. தமிழ் பேசுபவர்களைக் கன்னடத்தில் 'திகளர்' என்பார்கள். அந்தப் பெயராலேயே அறியப்படும் சமூகத்தினர் பல தலைமுறைகளாகப் பெங்களூரின் தோட்டக்காரர்கள். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாகில் உழைத்தார்கள். ஏரிகளின் கரைகளில் காய்கறியும் பூவும் பயிரிட்டார்கள். அவர்களது கரகத் திருவிழா நடப்பது சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, ஏரிகள் வற்றும் காலத்தில். கரகம் என்றால் தண்ணீர்க் குடம்தானே. விழாவோடு தொடர்புடைய சம்பங்கி ஏரியில் பெரும் பகுதி தூர்ந்துபோய், இன்று அங்கே கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. தோட்டக்காரர்களின் ஏரி போய்விட்டது, குடம் மட்டும் ஆண்டுதோறும் வருகிறது.

1809இல் ஆங்கிலேயர் கண்டோன்மென்ட் அமைத்ததும் தமிழர்கள் வேறு வழியாகவும் வந்தார்கள். சிப்பாய்களாக, ஒப்பந்தக்காரர்களாக, சமையல்காரர்களாக, பங்களா மாலிகளாக. வெள்ளைக்காரத் துரைசானிகளின் வராந்தாக்களில் ஃபெர்னும் பிகோனியாவும் ஜெரேனியமும் வாடாமல் பார்த்துக்கொண்ட கைகள் அவை. பங்களாக்கள் பெரும்பாலும் அடுக்குமாடிகளாகிவிட்டன. ஆனால் அல்சூர், ஜோகுபாளையம், மர்ஃபி டவுன் பக்கத்துச் சின்ன வீடுகளில் இன்னும் காணக்கிடைக்கும் ஃபெர்ன் தொட்டிகள் அந்த வராந்தாக்களின் தொலைதூர உறவினர்கள்.

மாலி அறிந்த முதல் பாடம்: தொட்டிச் செடி தாகத்தால் சாவதைவிட மூச்சுத் திணறிச் சாவதுதான் அதிகம். வேருக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். மண்ணில் உள்ள இடைவெளிகள் காற்றால் நிரம்பியிருந்தால் அது எளிதில் கிடைக்கும். தண்ணீர் அடைத்துக்கொண்டால் கிடைக்காது. காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்ஸிஜன் பரவும் வேகம் சுமார் 10,000 மடங்கு குறைவு. திணறிய வேரைப் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்ளும், வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. எனவே இலை வாடும். வாடிய இலையைப் பார்த்த வீட்டுக்காரர் பதறிப்போய் இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவார். கொலை பூர்த்தியாகிவிடும்.

ஆகவே இலையைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். சின்னத் தொட்டியானால் தூக்கிப் பார்க்கலாம். நனைந்த தொட்டியும் காய்ந்த தொட்டியும் எடையில் எவ்வளவு வித்தியாசம் என்பது ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். மண் தொட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. கணீரென்றால் காய்ந்திருக்கிறது, மந்தமாக ஒலித்தால் ஈரம். உச்சி வெயிலில் செம்பருத்தி இலை தொங்குவது தாகத்தின் அடையாளம் அல்ல. வேர் அனுப்புவதைவிட வேகமாக இலை ஆவியாக்குகிறது, அவ்வளவுதான். மாலையில் நிமிர்ந்துகொண்டால் அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம். மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

ஊற்றினால் முழுதாக ஊற்ற வேண்டும். தினமும் அரை டம்ளர் தெளிப்பது பலரது பழக்கம். மேலே ஓர் அங்குலம் நனையும், அடியில் பாலைவனமாக இருக்கும். வேரும் ஈரத்தைத் தேடி மேலேயே சுருண்டுகொள்ளும். ஒரு நாள் மறந்தால் செடி காலி. அடித் துளையிலிருந்து தண்ணீர் எட்டிப் பார்க்கும் வரை மெதுவாக ஊற்றி, அடுத்த முறை மேல்மண் காயும் வரை விட்டுவிடுவதே முறை. உப்பு சேர்ந்திருந்தால் அதுவும் கழுவப்பட்டுப் போகும். துளையே இல்லாத அழகான பீங்கான் தொட்டிகளைக் கடைகளில் விற்கிறார்கள். அவை பரிசளிக்க ஏற்றவை, வளர்க்க அல்ல.

இன்னொரு பழைய நம்பிக்கையையும் இங்கே போட்டு உடைக்க வேண்டும். தொட்டியின் அடியில் ஜல்லியோ செங்கல் துண்டுகளோ கனமாகப் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பார்கள். நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணில் உள்ள நீர், அந்த மண் முற்றிலும் ஊறி நிறையும் வரை, கீழே உள்ள பெரிய இடைவெளிகளுக்குள் இறங்காது. ஜல்லிக்கு மேலே ஒரு சொதசொதப்பான அடுக்கு நின்றுவிடும், வேருக்கு இன்னும் அருகில். துளை அடைபடாமல் ஓர் ஓட்டுச் சில் வைத்தால் போதும்.

தொட்டி எதனால் ஆனது என்பதும் தண்ணீர்க் கணக்கை மாற்றும். சுட்ட மண் தொட்டி பானையைப் போலத்தான், பக்கங்கள் வழியே வியர்க்கும். வேர் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் சீக்கிரம் காயும். பிளாஸ்டிக்கும் பெயின்ட் டப்பாவும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண் தொட்டியில் இரண்டு நாளுக்கு ஒரு முறை கேட்கும் ரோஜா, டப்பாவில் மூன்று நாள் தாங்கும். கறுப்பு டப்பா மேற்கு வெயிலில் இருந்தால் வேர் வெந்துவிடும். அதைத் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய முடியாது, இடம்தான் மாற்ற வேண்டும். மண்ணுக்குப் பதில் தேங்காய் நார்த்தூள் நிரப்புவது இப்போது எங்கும் நாகரிகம். எடை குறைவு, மாடிக்கு நல்லது. ஆனால் அது மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரமாக இருந்து ஏமாற்றும். பலவிதப் பொடிகள் கலந்த கலவை ஒரேயடியாகக் காய்ந்துவிட்டாலோ தண்ணீரை ஏற்காமல், தொட்டியின் ஓரம் வழியாக அப்படியே கீழே விட்டுவிடும். தொட்டியை ஒரு பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வைப்பதே அதற்கு வைத்தியம்.

இனிச் செடிகள். எல்லாவற்றுக்கும் ஒரே சொம்பு என்ற சமத்துவம் இங்கே செல்லாது.

துளசியிலிருந்து தொடங்கலாம். ஜோகுபாளையத்தில் அதிகம் தண்ணீர் குடிக்கும் செடி இதுதான்; தாகத்தால் அல்ல, பக்தியால். தினமும் குளித்துவிட்டு வந்து ஒரு சொம்பு. பண்டிகை நாளில் வீட்டில் உள்ள நாலு பேரும் ஆளுக்கொரு சொம்பு. பெரிய மாடத்தில், வெயிலில், அடியில் துளையுடன் இருக்கும் துளசி இதைத் தாங்கும். பால்கனி மூலையில் ஆறு அங்குலத் தொட்டியில் இருக்கும் துளசி தாங்காது. மழைக்காலத்தில் இலை மஞ்சளாகி உதிரும். குடும்பத்தில் என்னவோ கெட்டது நடக்கப்போகிறது என்று வீட்டுப் பெரியவர்கள் கலங்குவார்கள். நடந்தது வேர் அழுகல் மட்டுமே. பூஜையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. ஆனால் உத்தரணியால் மூன்று முறை விட்டாலும் பூஜை பூஜைதான். மண் காய்ந்த நாளில் மீதியை ஊற்றிக்கொள்ளலாம்.

கறிவேப்பிலைக்கும் ஈரக் கால் ஆகாது. பெங்களூரின் டிசம்பர், ஜனவரிக் குளிரில் அது வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திவிடும். அப்போது கோடைக் கணக்கில் ஊற்றினால் இலை கொட்டும். மல்லிகை கோடையில் நன்றாகக் குடிக்கும். கனகாம்பரம் முழுக்கக் காயவும் பிடிக்காது, ஊறவும் பிடிக்காது என்ற ரகம். காகிதப்பூ எனப்படும் போகன்வில்லா நேர் எதிர்: செழிப்பாகத் தண்ணீர் கொடுத்தால் இலையாகத் தள்ளும், கொஞ்சம் காயப்போட்டால் பூத்துக் குலுங்கும். பக்கத்து வீட்டுக்காரர் கவனிக்காமல் விட்ட காகிதப்பூ மட்டும் பிரமாதமாகப் பூப்பதன் ரகசியம் இது.

அடீனியம், கள்ளி, பாம்புச் செடி என்கிற ஸ்நேக் பிளான்ட் ஆகியவை தங்கள் உடம்பிலேயே தண்ணீர் வைத்திருப்பவை. மண் முழுவதும் காய்ந்து, மேலும் சில நாள் போன பிறகு, ஒரு முறை நன்றாக நனைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். குளிர்காலத்தில் மாதம் ஒரு முறையே போதுமானதாக இருக்கும். ஜூனிலிருந்து அக்டோபர் வரை இவற்றை மழை படாத சன்ஷேடுக்குக் கீழே ஒதுக்கிவிடுவது உத்தமம்.

கள்ளி என்று நினைத்து ஏமாறக்கூடிய ஒன்று உண்டு. பெங்களூர் வீடுகளில் 'பிரம்ம கமலம்' என்று கொண்டாடப்படும், இரவில் பூத்து விடிவதற்குள் வாடும் அந்த வெள்ளைப் பூ. அது பூக்கும் இரவில் அக்கம்பக்கத்தினர் எல்லாம் வந்து பார்த்து, கற்பூரம் காட்டி, போட்டோ எடுப்பார்கள். இமயமலையின் உண்மையான பிரம்ம கமலத்துக்கும் இதற்கும் உறவே கிடையாது. இது கள்ளிக் குடும்பம்தான். ஆனால் மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரக்கிளைகளின் மேல் தொற்றி வாழ்வது. பாலைவனக் கள்ளியைப் போல வறட்சியில் விட்டால் மெலியும். மேல்மண் காய்ந்ததும் தண்ணீர் கேட்கும், வழிந்தோட இடமும் கேட்கும்.

நிழல் செடிகள் தனி ஜாதி. ஃபெர்ன் ஒரு முறை காய்ந்தாலும் மன்னிக்காது. ஆந்தூரியத்துக்கு அடிக்கடி, ஆனால் கொஞ்சமாக. கரித்துண்டிலும் ஓட்டுச் சில்லிலும் வளரும் ஆர்க்கிட்டின் வேர் வெள்ளி நிறமாக இருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் நிறைவு. இதைவிடத் தெளிவாக எந்தச் செடியும் பேசுவதில்லை. ரோமம் அடர்ந்த இலை கொண்ட ஆப்பிரிக்கன் வயலட்டின் இலைமேல் குளிர்ந்த நீர் பட்டால் தழும்பு விழும். அதைத் தட்டில் நிற்க வைத்து அடியிலிருந்து குடிக்கவிட்டு, அரை மணியில் எடுத்துவிட வேண்டும். மணி பிளான்ட்டுக்கு யோசனை எதுவும் தேவையில்லை. பாட்டிலிலும் வளரும், திருடினால் இன்னும் நன்றாக வளரும் என்பார்கள்.

காலை வேளையே சிறந்தது. வெயில் ஏறுமுன் மண் உறிஞ்சிக்கொள்ளும், இலைமேல் தெறித்ததும் காய்ந்துவிடும். இரவு முழுக்க ஈரமாக இருக்கும் இலையில்தான் பூஞ்சை குடியேறும். நடுப்பகலில் இலைமேல் விழும் துளி பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும் என்பது பெரும்பாலும் கதை. ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் 2010இல் சோதித்துப் பார்த்ததில், வழுவழுப்பான இலைகளுக்கு அப்படி எதுவும் நேரவில்லை. ரோமம் துளியைத் தூக்கிப் பிடிக்கும் இலைகளில் மட்டுமே அந்த ஆபத்து இருந்தது. எனவே மதியம் ஊற்றினால் செடிக்குக் கேடில்லை, தண்ணீர்தான் வீண்.

அபராதத்துக்குப் பயந்து என்ன தண்ணீரைத்தான் ஊற்றுவது? இங்கேதான் ஜோகுபாளையம் போன்ற பேட்டைகளின் சமர்த்து வெளிப்படுகிறது. அரிசியும் பருப்பும் காய்கறியும் கழுவிய நீர் முதல் தரம். மழைநீருக்கு இணை இல்லை. ஆனால் 2009ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 1,200 சதுர அடி மனையில் எழும் புதுக் கட்டடங்களுக்கும் 2,400 சதுர அடிக்கு மேற்பட்ட பழையவற்றுக்கும்தான். இந்தச் சந்துகளில் பல வீடுகள் அந்த அளவைக் கனவில்தான் காண முடியும். ஆனாலும் மொட்டைமாடிக் குழாயின் கீழே ஒரு டிரம் வைக்க எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரும் ஏறக்குறைய உப்பில்லாதது, செடிக்கு ஏற்றது.

ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் நீர்தான் தந்திரமானது. வீணாகப் போகிறதே என்று பக்கெட் பக்கெட்டாகப் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். குடிநீரிலிருந்து பிரிக்கப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. போர்வெல் நீரை வடிகட்டும் வீடுகளில் இன்னும் மோசம். தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்து, இலை நுனி கருகினால் காரணம் இதுவே. இட்லிப் பூச் செடியும் கார்டீனியாவும் முதலில் மஞ்சளாகும். கடின நீரால் மண்ணின் காரத்தன்மை கூடி, இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போவதால். பாதிக்குப் பாதி நல்ல நீர் கலந்து, இடையிடையே மழைநீரால் அலசிவிட்டால் சமாளிக்கலாம். இல்லையென்றால் அந்த நீர் தரை துடைக்கத்தான். துணி அலசிய நீரில் சோப்பின் சோடியம் இருக்கும். கடைசி அலசல் தண்ணீரை எப்போதாவது பெரிய செடிக்கு ஊற்றலாம், கீரைக்கும் புதினாவுக்கும் வேண்டாம். உப்புப் போட்டு வடித்த கஞ்சியும் வேண்டாம்.

இத்தனையும் செய்து முடித்தால் அடுத்த அபராதம் காத்திருக்கிறது. 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்து, வீட்டில் கொசு வளர இடம் கொடுப்பவர்களுக்கு நகர்ப்புறங்களில் 400 ரூபாய் அபராதம் என்றது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. தெளிந்த, தேங்கிய நீர்தான் வேண்டும். பூந்தொட்டியின் அடித்தட்டு அதற்கு அளவெடுத்துச் செய்த பிரசவ அறை. முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். எனவே வாரம் ஒரு முறை அல்ல, தண்ணீர் ஊற்றிய அரை மணியில் தட்டைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் வறண்டு கிடந்து, அடுத்த ஈரத்தில் பொரியும். தட்டில் மணல் நிரப்பிவிடுவது சுலபமான மாற்று. அல்லித் தொட்டி வைத்திருப்பவர்கள் நாலு கப்பி மீன்களை விட்டால் அவை பார்த்துக்கொள்ளும். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் காய்ச்சல் தாங்காமல்தான் ஆங்கிலேயர் தங்கள் படையைப் பெங்களூருக்கு மாற்றினார்கள் என்பது நினைவுக்கு வந்தால் இந்த ஊரின் பெருமைக்குச் சற்று இடிக்கும்.

பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் இந்தச் சந்துகளில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். வேலூர், திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பொங்கல் சமயம் குளிர்காலம், பிரச்சினை இல்லை. ஏப்ரல்தான் கஷ்டம். 2024 ஏப்ரலில் பெங்களூரில் ஒரு துளி மழைகூடப் பதிவாகவில்லை. 2016 ஏப்ரல் 24 அன்று வெயில் 39.2 டிகிரி வரை போயிருக்கிறது. பத்து நாள் தொட்டிகளைத் தனியே விட்டுப் போக வேண்டுமானால், முதல் காரியம் அவற்றை ஒன்றாகச் சேர்த்து நிழலில் நெருக்கமாக வைப்பது. ஒன்றின் மூச்சுக் காற்றின் ஈரம் மற்றதற்கு உதவும். மண்ணின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ இரண்டு அங்குலம் பரப்பலாம்.

அடுத்தது திரி. ஒரு பக்கெட் தண்ணீரை உயரத்தில் வைத்து, அதிலிருந்து பருத்தித் துணித் திரி ஒன்றைத் தொட்டி மண்ணுக்குள் செருகிவிட்டால், திரி தானே உறிஞ்சிக் கொடுத்துக்கொண்டிருக்கும். பெரிய தொட்டியானால் பூசப்படாத சின்ன மண் கலயம் ஒன்றைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிடலாம். மண் காயக் காய, கலயத்தின் சுவர் வழியே நீர் கசியும். மண் நனைந்திருந்தால் கசிவும் அடங்கும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சீன வேளாண் நூல் ஒன்றிலேயே இந்த முறை சொல்லப்பட்டிருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? கோடையில் சிவன் கோயில்களில் லிங்கத்துக்கு மேலே துளையிட்ட தாராபாத்திரம் தொங்கும். சொட்டு நீர் என்ற யோசனை நமக்குப் புதிதல்ல.

கலயத்துக்குக் குயவரைத் தேடிப் போக வேண்டுமென்றால், பெங்களூரில் பாட்டரி டவுன் இருக்கிறது. உண்டியல் வடிவக் கலயம் கேட்டால் கிடைக்கும். உள்ளே பெயின்ட் அடிக்காததா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இவை எதுவும் கைகூடாதவர்கள் கடைசியில் எதிர்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அன்பு மிகுந்த எதிர்வீட்டு அக்கா தினமும் இரண்டு வேளை எல்லாத் தொட்டிகளையும் நிரப்பிவிடுவார். ரோஜா தப்பிக்கும், ஃபெர்ன் செழிக்கும், அடீனியம் அழுகும். விவரம் தெரிந்தவர்கள் கிளம்புமுன் கள்ளியையும் அடீனியத்தையும் பாம்புச் செடியையும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மீதியை மட்டும் வாசலில் வரிசையாக வைக்கிறார்கள். ஒவ்வொரு தொட்டியிலும் ஓர் ஐஸ்கிரீம் குச்சி. அதன்மேல், அக்கா படிக்கும் மொழியில், 'தினமும்' அல்லது 'திங்கள், வியாழன்'.